நூலகத்தில் கச்சேரி வைக்கலாமா? வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வாசல்மேசை:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு கிளை நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மாதம் ஒரு இசை நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். எனக்கும் ஆசைதான், அதனால் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். போன சனிக்கிழமை முதல் நிகழ்ச்சி. சொதப்பல்.

வந்தது ஒரு மாணவர் குழு. ஐந்து பேர், டிரம்ஸ், பாஸ் கிட்டார், ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். கீழ்த்தளத்தில் நடுவில் இருக்கும் அலமாரிகளை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினோம். சக்கரம் வைத்த அலமாரி என்று சொல்லித்தான் அதை வாங்கினார்கள். ஆனால் நான்கு சக்கரத்தில் ஒன்று சுற்றவே இல்லை, இழுத்த இழுப்பில் மேல்தட்டு அகராதிகள் வரிசையாக என் தோளில் விழுந்தன. பதிவு செய்தவர்கள் 80 பேர், வந்தவர்கள் 31. மாடியில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர் முதல் பாட்டு முடிவதற்குள் இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூன்றாவது பாட்டு உருக்கமான பாட்டு, அதன் நடுவில் யாரோ புத்தகம் திருப்பிக் கொடுக்கும் இயந்திரத்தில் புத்தகத்தை வைக்க அது "டீங்" என்றது, பாடகர் பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த மாதத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நிறுத்திவிடலாமா, இல்லை வேறு மாதிரி செய்தால் சரிவருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிழிந்தஅட்டை:
நிறுத்திவிடுங்கள். கோபமாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். பாட்டுக் கேட்க மண்டபம் இருக்கிறது, அரங்கம் இருக்கிறது, கைப்பேசியில் இருக்கிறது, பேருந்தில் வேண்டாம் என்றாலும் கேட்கிறது. ஒன்றும் வாங்காமல், "என்ன வேணும்?" என்று யாரும் கேட்காமல், மணிக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது? வீட்டில் படிக்க ஒரு மூலை இல்லாதவனுக்கு அந்த மாடிதான் வீடு. அந்த நான்கு பிள்ளைகள் ஏன் பேசாமல் போனார்கள் தெரியுமா? இது உங்கள் இடம், நீங்களே சத்தம் போட்டால் யாரிடம் புகார் சொல்வது என்றுதான்.

வாசல்மேசை:
நியாயம். அந்தப் பார்வைதான் எனக்கும் மூன்று நாளாகத் தூக்கத்தில் வருகிறது.

ஒலிக்காரன்:
நான் மேடைக்கு ஒலி அமைக்கிறவன். அக்கா, அலமாரியைத் தள்ளினீர்களே, முதல் தப்பு அங்கேதான். புத்தகம் நிறைந்த அலமாரி மாதிரி செலவில்லாத ஒலி ஏற்பாடு வேறு கிடையாது. ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு உயரம், ஒவ்வொரு ஆழம். அதில் படுகிற சத்தம் ஒரே பக்கமாகத் திரும்பாமல் சிதறிப்போகும், கொஞ்சத்தைக் காகிதமே விழுங்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர். காலி அறையில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டினது நின்ற பிறகும் சத்தம் இழுத்துக்கொண்டே போனால் அங்கே ஸ்பீக்கர் வைத்தால் பாட்டில் ஒரு சொல்லும் புரியாது. இன்னொன்று, கேட்கிற ஆட்களும் சத்தத்தை உறிஞ்சுவார்கள். 80 பேருக்குச் சரிபார்த்த ஒலி 31 பேர் உட்கார்ந்தால் கூடுதலாக எதிரொலிக்கும்.

ஆனால் புத்தகம் உதவுவதெல்லாம் பேச்சு, வயலின், வாய்ப்பாட்டு போன்ற சத்தத்துக்குத்தான். பாஸ் என்கிற தாழ்ந்த ஒலிக்கு உதவாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர், ஒரு அடி ஆழமுள்ள அலமாரி நடுவில் நிற்பதே அதற்குத் தெரியாது. தரை, தூண் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிடும். மேலே படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பாட்டே கேட்டிருக்காது, டம் டம் என்பது மட்டும் கேட்டிருக்கும். அது பாட்டைவிடக் கொடுமை.

சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல், டிரம்ஸுக்குப் பக்கத்தில் 100ஐத் தாண்டும். இது கூட்டல் கணக்கு இல்லை. 10 ஏறினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். அப்படியானால் 40 ஏறினால்? பதினாறு மடங்கு. நூலகத்துக்குள் டிரம்ஸ் வேண்டாம், அவ்வளவுதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அப்புறம், நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் நடுவில் நின்று கண்ணை மூடிக் கேளுங்கள். ஏசி உறுமும், விளக்கில் ஒன்று ரீங்காரம் போடும், தண்ணீர் இயந்திரம் திடீரென்று நடுங்கி நிற்கும். தினமும் அங்கேயே இருப்பதால் உங்கள் காது இதையெல்லாம் தள்ளிவைத்திருக்கும், வாசிக்க வருகிறவர் காது தள்ளாது.

நாலாம்தந்தி:
ஒலிக்காரன் சொன்னது எல்லாம் சரி. நான் வயலின் வாசிக்கிறேன், நூலகங்களில் ஏழெட்டு முறை வாசித்திருக்கிறேன், ஒரு தடவைகூட மைக் கேட்டதில்லை. அரங்கத்தில் பத்தாவது வரிசைக்குப் பிறகு முகமே தெரியாது. நூலகத்தில் முதல் ஆள் இரண்டு கை தூரத்தில் இருப்பார். வில்லைக் கம்பியில் வைக்கிற உரசல், நான் மூச்சு இழுப்பது எல்லாம் அவருக்குக் கேட்கும். மெதுவாக வாசித்தால் கூட்டம் பேச்சைக் குறைத்துக்கொள்கிறது, அவர்கள் குறைத்தால் நான் இன்னும் மெதுவாக வாசிக்கலாம். ஸ்பீக்கர் வைத்த இடத்தில் இது நேர்மாறாக நடக்கும், நாம் ஏற்ற ஏற்ற அவர்களும் பேச்சை ஏற்றுவார்கள்.

ஒருமுறை ஒருவர் மூன்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை, நாற்காலி காட்டியும் உட்காரவில்லை, தோட்டக்கலை அலமாரியில் சாய்ந்துகொண்டு நாற்பது நிமிடம் கேட்டார். முடிந்ததும் "இதுக்கு டிக்கெட் எடுக்கணுமா?" என்று கேட்டார். இல்லை என்றதும், அதுவரை எதற்கோ பயந்த மாதிரி மூச்சு விட்டார். அந்த மனிதர் எந்த அரங்கத்து வாசலையும் மிதித்திருக்க மாட்டார்.

கேட்டுவிடுகிறேன், அந்த மாணவர்களுக்கு ஏதாவது கொடுத்தீர்களா? "வாய்ப்புத் தருகிறோம்" என்பது மட்டும்தானா? மின்சாரம் பார்க்க வருகிறவரிடம் யாரும் வாய்ப்பு என்று சொல்வதில்லை.

வாசல்மேசை:
சான்றிதழும் ஒரு புத்தகமும் கொடுத்தோம். எழுதும்போதே கூசுகிறது. அடுத்த முறை நிகழ்ச்சிச் செலவில் முதல் வரியாக அதை எழுதுகிறேன்.

சுவடிப்பெட்டி:
இது ஏதோ புது மோகம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய கதை. கொஞ்சம் நீளம்.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நூறு வருடமாகக் கச்சேரி நடக்கிறது. எலிசபெத் ஸ்பிராக் கூலிட்ஜ் என்ற அம்மையார் பணம் கொடுத்தார், நூலகக் கட்டடத்தின் முற்றம் ஒன்றில் 500 பேர் உட்காரும் அளவில் சின்ன அரங்கம் எழுந்தது. 1925 அக்டோபரில் முதல் கச்சேரி. தனியார் நன்கொடையை அந்த நூலகம் முறையாக வாங்கி வைத்துக்கொள்ள அறக்கட்டளைக் குழு ஒன்று சட்டம் மூலம் வந்ததும் அதே வருடம்தான். கட்டடம் கொடுத்ததோடு அந்த அம்மையார் நிற்கவில்லை. புது இசை எழுதச் சொல்லி இசையமைப்பாளர்களுக்குப் பணம் கொடுத்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ஐந்தாவது நால்வர் தந்தியிசை (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிப்பது) அப்படிக் கேட்டு வாங்கியதுதான், 1935இல் வாஷிங்டனில் அரங்கேறியது.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்தது. ஆரன் கோப்லண்ட் இசையமைத்த 'அப்பலேச்சியன் ஸ்பிரிங்' என்ற நடன நாடகம் 1944 அக்டோபர் 30 அன்று அந்த அரங்கத்தில்தான் முதலில் மேடை ஏறியது, கூலிட்ஜ் அம்மையாரின் எண்பதாவது பிறந்தநாள் அன்று. ஆடியவர் மார்த்தா கிரகாம். வாத்தியக்காரர்கள் உட்காரும் குழி மிகச் சிறியது என்பதால் கோப்லண்ட் பதின்மூன்று வாத்தியத்துக்கு மட்டும் எழுதினார். மறுவருடம் அதற்குப் புலிட்சர் பரிசு. பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்குப் பிற்பாடு விரித்து எழுதினார், ஆனால் அந்தப் பதின்மூன்று பேர் வடிவத்தை இன்றும் வாசிக்கிறார்கள். இடம் சின்னது என்று புலம்பாமல் இடத்துக்கு ஏற்ப எழுதினார் என்பதுதான் விஷயம்.

இன்னொரு அம்மையார், கெர்ட்ரூட் விட்டால். 1930களின் நடுவில், ஸ்ட்ராடிவாரி என்ற பழைய இத்தாலியக் கைவினைஞர் செய்த பேர்போன வாத்தியங்கள் ஐந்தை அதே நூலகத்துக்குக் கொடுத்தார். மூன்று வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது, வாசிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். புடாபெஸ்ட் நால்வர் குழு 1940 முதல் 1962 வரை அந்த நூலகத்தின் குழுவாகவே இருந்து அவற்றை வாசித்தது. புத்தகத்தை எடுத்துப் படித்தால்தான் புத்தகம், அந்த மாதிரிதான் இதுவும்.

கிழிந்தஅட்டை:
சுவடிப்பெட்டி ஐயா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் தனி அரங்கம் கட்டினார்கள்! படிக்கிறவன் தலைக்குக் கீழே ஸ்பீக்கர் வைக்கவில்லை. நானும் அதைத்தான் கேட்கிறேன். தனி அறை, தனிக் கதவு இருந்தால் தினமும் கச்சேரி வையுங்கள், நானே வந்து முன்வரிசையில் உட்காருகிறேன்.

சுவடிப்பெட்டி:
அது சரியான பிடி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் கிளை நூலகத்துக்கும் ஒரு கூலிட்ஜ் அம்மையார் கிடைப்பாரா?

இரண்டாம்பிரதி:
அரங்கம் கட்டாமல் அலமாரிக்கு நடுவிலேயே செய்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் லான்காஸ்டர் நூலகத்தில் 2005இல் 'கெட் இட் லவுட் இன் லைப்ரரீஸ்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பாப், ராக் என்று எல்லாம் உண்டு. நூலகம் பக்கமே வராத இளவட்டத்தை உள்ளே கொண்டுவருவதுதான் எண்ணம். அடெல் உலகப் புகழ் பெறும் முன் 2008இல் அங்கே பாடியிருக்கிறார். ஆக டிரம்ஸே கூடாது என்று ஒலிக்காரன் மாதிரி அடித்துச் சொல்ல மாட்டேன். கட்டடத்தில் படிக்கிறவர் யாரும் இல்லாத நேரமாக இருந்தால் போதும். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே நேரத்தில் இரண்டையும் வைப்பதுதான் கோளாறு.

ஒலிக்காரன்:
சரி, பூட்டிய பிறகு என்றால் என் எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: மாடியில் வைக்காதீர்கள். புத்தகத்தையே தாங்குகிற தரை ஆளைத் தாங்காதா என்று எல்லாரும் நினைப்பார்கள். அமெரிக்கக் கட்டட விதியில் புத்தக அடுக்கு அறைக்குச் சதுர அடிக்கு 150 பவுண்டு, வாசிப்பு அறைக்கு 60, ஆட்கள் நெருக்கி நிற்கிற இடத்துக்கு 100 என்று கணக்குப் போடுகிறார்கள். அதாவது, நாற்காலி போட்டுப் படிக்கிற அறை கூட்டம் நின்று ஆடுவதற்காக வடிவமைத்தது இல்லை. மற்ற நாட்டில் எண் மாறலாம், கட்டடம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். பியானோ கொண்டுவருவதாக யாராவது சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள். பெரிய கச்சேரிப் பியானோ 500 கிலோ பக்கம் வரும், மூன்றே காலில் நிற்கும். இறக்கி வைத்து ஒருநாள் விட்டுத்தான் சுருதி சேர்க்க வேண்டும், அறையின் ஈரப்பதத்துக்கு அது பழக வேண்டும்.

கடைசிவரிசை:
நான் அதிகம் எழுத மாட்டேன், வாசிப்பதோடு சரி. இதற்கு எழுத வேண்டும் போலிருந்தது. என் மகனுக்கு ஆட்டிசம், ஒன்பது வயது. பாட்டென்றால் உயிர். ஆனால் அரங்கத்துக்குக் கூட்டிப்போக முடியாது. இருட்டினால் அலறுவான், கைதட்டல் திடீரென்று எழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான், சந்தோஷமானாலும் சத்தம் போடுவான், அதற்கு எத்தனை தலை திரும்பும் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு நூலகத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவே வைத்தார்கள். விளக்கை அணைக்கவில்லை, கதவை மூடவில்லை, கைதட்டுவதற்குப் பதில் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டச் சொன்னார்கள். எழுந்து நடக்கலாம், தரையில் படுக்கலாம். பின்னால் ஒரு மூலையில் மெத்தை போட்டு அமைதி மூலை என்று எழுதி வைத்திருந்தார்கள். என் மகன் செல்லோவின் அடியில் போய் உட்கார்ந்து அதன் மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். வாசித்தவர் நிறுத்தவில்லை, காலை மட்டும் கொஞ்சம் நகர்த்தி அவனுக்கு இடம் விட்டார்.

கிழிந்தஅட்டை ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. எங்களுக்கும் போக வேறு இடம் கிடையாது.

கிழிந்தஅட்டை:
அம்மா, உங்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தம்பி நன்றாக இருக்கட்டும்.

கோரிக்கையை மாற்றுகிறேன். தேதி முன்கூட்டியே வாசலில் ஒட்டப்பட வேண்டும், மாதத்தில் ஒரே நாள், ஒரே நேரம். அன்று எங்களைப் போன்றவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்வோம். எங்களுக்கு வலிப்பது திடீரென்று வருகிற சத்தம்தான்.

தாளக்கட்டு:
இவ்வளவு பேர் பேசிவிட்டீர்கள், காப்புரிமையை யாரும் தொடவில்லை. இலவச நிகழ்ச்சி என்பதாலேயே எல்லா நாட்டிலும் விலக்குக் கிடைத்துவிடாது. பொது இடத்தில் பாடுவதற்கு உரிமம் வேண்டுமா, அதை நூலகம் வாங்குகிறதா, குழு வாங்குகிறதா என்று முதலிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இசையமைத்தவர் இறந்து பல நாடுகளில் 70 வருடம், இந்தியாவில் 60 வருடம் ஆகிவிட்டால் அந்த இசை எல்லாருக்கும் பொது, அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அதை நேற்று ஒருவர் வேறு வாத்தியங்களுக்கு மாற்றி எழுதியிருந்தால் அந்தப் புது வடிவத்துக்குத் தனி உரிமை உண்டு. நேரலை, வீடியோப் பதிவு இரண்டும் வேறு கணக்கு, மேடையில் பாட வாங்கிய அனுமதி அதற்குச் செல்லாது. நிகழ்ச்சி முடிந்து வீடியோவை ஏற்றிய பிறகு விழித்துக்கொண்ட நூலகம் ஒன்று எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, நூலகக் கச்சேரி நூலகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது. வெறும் காலி இடமாகக் கொடுத்தால் அது வாடகையில்லா மண்டபம். பிலடெல்பியா பொது நூலகத்தில் பிளைஷர் தொகுப்பு என்று ஒன்று உண்டு, 1929இல் ஒருவர் கொடுத்தது. ஆர்கெஸ்ட்ராவில் ஒவ்வொரு வாத்தியமும் வாசிக்க வேண்டிய தாள்களை அடுக்கி வைத்துக் குழுக்களுக்கு இரவல் தருகிறார்கள். சுவடிப்பெட்டி சொன்ன வாஷிங்டன் நூலகத்தில் டேட்டன் மில்லர் என்ற இயற்பியலாளர் சேர்த்த புல்லாங்குழல் சுமார் 1,700 இருக்கிறது. அதில் ஒன்று 1813இல் செய்து அப்போதைய அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் மாடிசனுக்குக் கொடுத்த படிகக் குழல். 2022 செப்டம்பரில் லிஸ்ஸோ என்ற பாடகி அதை எடுத்து வாசித்தார், ஊரெல்லாம் பேச்சு. நமக்குப் படிகக் குழல் வேண்டாம். அன்று வாசிக்கப் போகிற இசையைப் பற்றி நூலகத்தில் இருக்கிற நான்கு புத்தகத்தை ஒரு மேசையில் வையுங்கள், வாசித்தவர் இரண்டு நிமிடம் வாத்தியத்தைப் பற்றிப் பேசட்டும், கேட்டவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு போகட்டும்.

நாலாம்தந்தி:
புத்தக மேசை நல்ல யோசனை. ஆனால் பேச்சு இரண்டு நிமிடம் என்றால் இரண்டே நிமிடம். தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை என்று கிளம்பினால் நான் வயலினைப் பெட்டியில் வைத்துவிடுவேன்.

வாசல்மேசை:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இரண்டாவது நிகழ்ச்சி போன சனிக்கிழமை முடிந்தது.

பூட்டிய பிறகு வைக்க அனுமதி கிடைக்கவில்லை, காவலாளிக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டுமாம். அதனால் மாதக் கடைசிச் சனி, மூடுவதற்கு முந்தைய முக்கால் மணி நேரம் என்று முடிவு செய்து இரண்டு வாரத்துக்கு முன்பே வாசலிலும் மாடிப்படியிலும் ஒட்டினேன். ஒரு வயலின், ஒரு புல்லாங்குழல், மைக் இல்லை. அலமாரியைத் தொடவே இல்லை, நாற்காலிகளை அலமாரிச் சந்துகளில் போட்டோம். பாதிப் பேருக்கு வாசிப்பவர் முகம் தெரியவில்லை. ஒருவர் அதற்காகக் குறைப்பட்டுக்கொண்டார், இன்னொருவர் புத்தக முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டது நன்றாக இருந்தது என்றார். திருப்பும் இயந்திரத்தை அணைத்து "புத்தகத்தை இங்கே வையுங்கள்" என்று ஒரு கூடை வைத்தேன். ஏசியை நிறுத்தினோம், இருபதாவது நிமிடத்தில் வியர்த்துவிட்டது, ஜன்னலைத் திறந்தால் வண்டிச் சத்தம். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. பதிவே வைக்கவில்லை, வந்தால் உட்காரலாம் என்று விட்டோம், 44 பேர். இரண்டு கலைஞர்களுக்கும் உறையில் பணம் கொடுத்தேன். பெரிய தொகை இல்லை.

மேசையில் வைத்த ஆறு புத்தகத்தில் ஐந்து போய்விட்டன. ஆறாவது ராக இலக்கணம், ஆயிரம் பக்கம், அதை யார் தூக்குவார்கள்.

கிழிந்தஅட்டை:
மாடியில் கேட்டதா? அதைச் சொல்லவில்லையே.

வாசல்மேசை:
புல்லாங்குழல் மட்டும் லேசாகக் கேட்டதாம். ஒரு பெண் இறங்கி வந்து படிக் கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன். திரும்பி மேலே போய்விட்டாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பவில்லை.

ஒலிக்காரன்:
கதவுக்கு அடியில் இடைவெளி இருக்கும், அக்கா. ரப்பர் பட்டை ஒட்டுங்கள், புல்லாங்குழலும் நின்றுவிடும். ஏசியை நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே நன்றாகக் குளிர வைத்துவிட்டு நிறுத்துங்கள், முக்கால் மணி தாங்கும்.

வாசல்மேசை:
செய்து பார்க்கிறேன். அடுத்தது 28ஆம் தேதி, வீணை.